வடிகட்டின தண்ணீரும் மோரிஸ் கார் பாட்டரியும்

காஞ்சிபுரம்,
பிள்ளையார்பாளையம்,
18–8–72.

அன்புள்ள மகள் குணமாலாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

ஜினபகவான் கருணையால் இன்று காலை நானும் உன் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து இட்டலி சாப்பிட்டோம். அவள் மூன்று சாப்பிட்டாள், நான் எத்தனை என்று அவளைத்தான் கேட்க வேண்டும். அங்கே நீயும் மாப்பிள்ளை தர்மசந்திரனும் அதே மாதிரி நல்ல பசியோடு இருக்கிறீர்கள், பேரன் ஆதிநாதன் நெஞ்சில் இழுப்பு இல்லாமல் ஓடி ஆடிக்கொண்டிருக்கிறான் என்று நம்பி எழுதுகிறேன். இட்டலி விஷயத்தை முதல் வரியிலேயே எழுதச் சொன்னது உன் அம்மாதான். நேற்று நான் அனுப்பிய தந்தி உனக்குக் கிடைத்திருக்கும், தந்திக்காரன் வாசலில் சைக்கிளை நிறுத்தியதுமே இங்கே யாரோ போய்விட்டார்கள் என்று நீ தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாய் என்று நேற்றிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். யாரும் போகவில்லை, குணா. “பாட்டரியில் தண்ணீர் ஊற்றாதே – அப்பா.” தந்தியில் இருந்தது அவ்வளவுதான், அதற்குள் வேறு அர்த்தம் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை.

நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. நான் உரக்கப் படிக்க உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பேரனுக்கு மழைக்காலத்தில் இழுப்பு அதிகமாகிறது, அணைக்கட்டுக் காலனியில் ஆஸ்பத்திரி இல்லை, மலை இறங்கி டவுனுக்குத்தான் போக வேண்டும், அதற்காகத்தானே மாப்பிள்ளை அந்தப் பழைய காரை வாங்கினார், இப்போது கார் இருக்கிற தைரியத்தில் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். கேட்க சந்தோஷமாக இருந்தது. அடுத்த வரியை உரக்கப் படிக்காமல் நானே பார்த்துக்கொண்டேன். அவருக்கு அணைக்கட்டு வேலை அதிகம், அதனால் பாட்டரியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அப்பா செய்கிற மாதிரியே துணியை மூன்றாக மடித்து வடிகட்டி வாரா வாரம் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா, இன்னா எழுதிக்கிறா சொல்லுங்க, சொல்லுங்க என்று உலுக்குகிறாள். சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன். அங்கே தந்தி வாங்குகிற ஆதிகேசவன் நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு தரம் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். நயினாரே, இத்தினி வருஷத்துல சாவுன்னு அனுப்பிக்கிறேன், புள்ள பொறந்துதுன்னு அனுப்பிக்கிறேன், பாட்டரிக்குத் தண்ணி ஊத்தாதேன்னு ஒர்த்தரும் குடுத்ததில்லபா, போன வருஷம்தான் சண்டை முடிஞ்சிக்குது, இது எதுனா சங்கேத பாஷையா என்றான். சங்கேதமும் இல்லை ஒன்றும் இல்லை, என் பெண் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டாள், அதுதான் ஆபத்து என்றேன். அவனுக்கு அது இன்னும் சந்தேகமாகப் போயிற்று.

சரி, எனக்கு மட்டும் இது ஆபத்து என்று எப்படித் தெரிந்தது என்று நீ கேட்பாய். அதைச் சொல்ல வேண்டுமானால் உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இனி வரும் வரியைப் படிப்பதற்கு முன்னால் மேலே இட்டலி சாப்பிட்ட வரியை இன்னொரு தரம் படித்துவிட்டு வா. படித்தாயா? போன மாதம் உன் அம்மாவுக்கு செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. நன்றாக ஆகிவிட்டது, தையல் பிரித்தாயிற்று, இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு நான் எழுதுவதைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே குழந்தையை வைத்துக்கொண்டு நீ தவிப்பாய், ஓடி வருவாய், பிரயாணத்தில் பேரனுக்கு இழுப்பு வரும், குணாவுக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நேற்று அவளே அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எல்லாத்தையும் எழுதிப் போடுங்க, பயந்தாத்தான் அவ நிறுத்துவா என்று சொல்லிவிட்டாள்.

இந்த முட்டாள்தனம் எப்படி ஆரம்பித்தது என்று கேள். நம்மிடம் மோரிஸ் காரை விற்ற முருகேசன் சாவியைக் கையில் கொடுக்கும்போதே, பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும், மருந்துக் கடையில பாட்டில்ல கெடைக்கும் என்று தெளிவாகத்தான் சொன்னான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நானும் கடைக்குப் போய் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் மனசு ஒப்பவில்லை. யார் பிடித்த தண்ணீரோ, எந்தக் குழாயோ, வடிகட்டினானோ இல்லையோ. நம் வீட்டில் வடிகட்டாத தண்ணீரை மாட்டுக்குக்கூடக் காட்டியதில்லை. உள்ளே இருப்பதோ அமிலம், அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உயிர் போய் விழுந்தாலும் பாவம் என் தலையில்தானே என்று பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் நம் கிணற்றில் தண்ணீர் சேந்தி, புது மல்லுத் துணியை மூன்றாக மடித்து வடிகட்டி, துணியில் தங்கின சிற்றுயிர்களை முறைப்படி மறுபடி கிணற்றிலேயே அலசி விட்டு, அந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து இன்னொரு தரம் வடிகட்டி, மூடிகளைத் திறந்து வரிசையாக ஊற்றினேன். அதுவும் எப்படி, கல்யாணப் பந்தியில் பாயசம் விடுவதுபோல விளிம்பு வரைக்கும். காஞ்சிபுரத்தில் இவ்வளவு சுத்தமான தண்ணீர் குடிக்கிற பாட்டரி வேறு இல்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வருஷம் நீ வந்திருந்தபோது நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெரிய டாக்டர் மாதிரி நின்றதைத்தான் நீ பார்த்துக் கற்றுக்கொண்டு போயிருக்கிறாய். எட்டாம் வகுப்போடு நின்றுபோனவன் பி.ஏ. படித்த பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் இதுதான், அதுவும் தப்பு.

பாட்டரி எனக்குச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. சித்திரையிலேயே காலையில் செல்ஃப் இழுக்கும்போது, எழுந்திருக்க மனமில்லாத ஆள் முனகுவதுபோல முனக ஆரம்பித்தது. எனக்கும் இந்த வயசில் காலையில் அப்படித்தானே இருக்கிறது என்று அதன்மேல் இரக்கப்பட்டேன். ஹாரன் தொண்டை கட்டிய தவளை மாதிரி ஆயிற்று. பாட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது, அதையும் ஏதோ விபூதி மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டேன். விளக்கு மங்கிப் போனதா என்றால் அது எனக்கு எப்படித் தெரியும்? பொழுது சாய்வதற்குள் சாப்பிட வீடு வந்து சேர்கிற குடும்பம், நம் காரின் ஹெட்லைட்டை நாம் எப்போது பார்த்தோம்? வண்டி போவதெல்லாம் வீட்டிலிருந்து அரிசி மண்டி, மண்டியிலிருந்து வீடு, அமாவாசைக்கு ஒரு தரம் திருப்பருத்திக்குன்றம் கோயில். அவ்வளவு கிட்டத்தில் ஓட்டினால் பாட்டரிக்கு சார்ஜ் ஏறவே ஏறாதாம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

ஆனி மாதம் கடைசி முகூர்த்த நாள். விடிந்தும் விடியாமல் உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். முந்தின நாளே வலி இருந்திருக்கிறது, வாய்வு என்று சொல்லிப் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். மூலைவீட்டு டாக்டர் வந்து அடிவயிற்றில் கை வைத்து அழுத்தி எடுத்தார், அவள் கத்தின கத்தலில் எனக்கு உயிர் போய் வந்தது. இது குடல்வால், உடைஞ்சா ஆபத்து, இப்பவே செங்கற்பட்டுக்குக் கொண்டு போங்க, காரைத்தான் வச்சிருக்கீங்களே என்றார். கார்தான் இருக்கிறதே என்று நானும் தைரியமாகச் சாவியைத் திருகி செல்ஃபை இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி இழுத்தேன். அதுவும் இல்லை. குணா, இத்தனை வயசுக்கு எவ்வளவோ பார்த்துவிட்டேன், அந்த நிசப்தம் மாதிரி ஒன்றைக் கேட்டதில்லை. பின் சீட்டில் உன் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், நான் செத்த வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

டாக்ஸிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் ஓடினது. ஆடி பிறந்தால் கல்யாணம் இல்லையே, அன்றைக்கு ஊரில் இருந்த வண்டியெல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்விட்டது. டிக்கியிலிருந்து ஹாண்டிலை எடுத்து முன்னால் மாட்டிச் சுற்றினேன். கட்டை விரலை ஹாண்டிலைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாதாம், மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்க வேண்டுமாம், அதுவும் எனக்குத் தெரியாது. எஞ்சின் ஒரு உதை திருப்பி உதைத்தது, ஹாண்டில் என் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிட்டு என்னைச் சாக்கடை ஓரமாக உட்கார வைத்தது. இந்தக் கடிதத்தில் எழுத்து கோழி கிளறினாற்போல இருப்பது அதனால்தான், என் பழைய கையெழுத்து இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்று நீ சாட்சி சொல்ல வேண்டும்.

இனித் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தள்ளுவதற்குத் தெரு எங்கே இருக்கிறது? அதிகாலையில் நம் தெரு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எதிர்வீட்டுக் கலியாணசுந்தர முதலியார் அரக்குச் சிவப்பில் பட்டுப் பாவு, தறியில் ஏற்றப்போகிற நீள இழை முழுவதையும், விரித்திருந்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் கவைக்கோல் நட்டு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு ஈரம் காயாமல் இருக்கிறது. அந்த நேரத்தில் அதை அவிழ்த்தால் இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும், ஒரு முகூர்த்தப் புடவை வரிசையே போய்விடும். அவரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் காரைப் பார்த்தார், உள்ளே எட்டி உன் அம்மா முகத்தைப் பார்த்தார். இன்னா நயினாரே, சிலையாட்டம் நின்னுக்கினு, நீ போய் சக்கரத்தைப் புடி, பாவை நாங்க தூக்கிக்கிறோம் என்றார். அப்புறம் தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார் பார், பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் முதற்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். கோலைப் பிடுங்கி ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து, தொய்யாமல், முறுக்காமல், அந்த நீளப் பாவை அப்படியே தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினார்கள். தொங்க விடாதே, தொங்க விடாதே, டேய் கோணாதே என்று அவர் கத்திக்கொண்டே வர, அவர் மனைவி வடிவாம்பாளும் மற்றப் பெண்களும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து காரைத் தள்ளினார்கள். பந்தல் போட்ட மாதிரி தலைக்கு மேலே சிவப்புப் பட்டு, கண்ணாடியில் கஞ்சி சொட்டுகிறது, நான் இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டு அழுகிறேன். தெருக்கோடிக்குப் பக்கத்தில் வடிவாம்பாள், இப்ப வுடுங்க அண்ணா என்று கத்தினாள், காலை எடுத்தேன், வண்டி ஒரு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. உன் அம்மா பிற்பாடு சொன்னாள், கண்ணைத் திறந்தேன், மேல செக்கச் செவேல்னு பட்டா ஓடுது, சரி நாம போய்ச் சேர்ந்துட்டோம், பரவால்ல மரியாதையாத்தான் கூட்டிக்கினு போறாங்கன்னு நெனச்சேன், அப்புறம் முன்னால உங்க மூக்கு உறிஞ்சற சத்தம் கேட்டது, இல்ல இன்னும் இங்கதான் கீறோம்னு தெரிஞ்சிக்கினேன் என்று.

வழியில் எங்கேயும் எஞ்சின் நின்றுவிடக் கூடாது. வாலாஜாபாத் தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி அணைந்துவிடுமோ என்கிற பயத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே நின்றேன். கேட்காரர், யோவ் பெரிசு, ரயிலோட பந்தயமா வுடப் போற என்று சிரித்தார். ஆஸ்பத்திரியில் கத்தி வைத்த டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உடைந்திருக்கும் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். 

உன் அம்மா வீடு திரும்பின பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் பாட்டரிக்கு சார்ஜ் போடுகிற தனசேகரனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவன் கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை போட்ட ஒரு கருவியால் ஒவ்வொரு குழியிலிருந்தும் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தான், மிதவை அடியிலேயே படுத்துக்கொண்டது. இன்னா மொதலாளி ஊத்துன இதுல என்றான். நான் இன்னும் புத்தி வராமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டின கிணற்றுத் தண்ணீர் என்றேன். எந்தக் கெணறு, சோப்பு நொரை வருமா அதுல என்று கேட்டான். வராது என்றேன். அப்புறம் அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். உப்புத் தண்ணி மொதலாளி, உப்பு இன்னா துணியிலயா மாட்டும், அது உள்ள போயி பிளேட்டையெல்லாம் தின்னுட்டுது என்றான். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். பருப்பையே வேக விடாத தண்ணிங்க அது, அதையா ஊத்தினீங்க, சக்கரைத் தண்ணியைத் துணியில வடிச்சா இனிப்பு போயிடுமா என்று கேட்டாள். அவளை ஒரு வார்த்தை முதலிலேயே கேட்டிருக்கலாம். கடைத் தண்ணீரில் உயிர் இருக்குமே என்கிற என் கவலைக்கும் அவளே முடிவு சொல்லிவிட்டாள். ஆவியாகி மேலே போய் இறங்கின தண்ணீரில் உப்பும் இல்லை, ஓர் உயிரும் இல்லை, அதைவிடச் சுத்தமாக வடிகட்ட உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது என்றாள். குணா, நீயும் போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தில், காலனித் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோடா உப்பு போட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். நேற்று அது ஞாபகம் வந்ததும்தான் நான் தபாலாபீசுக்கு ஓடினது.

தனசேகரனை ஒன்றும் பெரிய ஞானி என்று நினைத்துவிடாதே. எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, சார்ஜில் கொதித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டரி மேல் பீடியோடு குனிந்தான். டப் என்று ஒரு வெடி, மூடி பறந்து கூரையில் அடித்தது, அவன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். நல்லவேளை கண்ணில் படவில்லை. பாட்டரிக்குள்ளிருந்து ஒரு வாயு வருமாம், நெருப்பைக் கண்டால் பிடித்துக்கொள்ளுமாம். தெரிந்து வைத்துக்கொண்டும் பீடியை விடாதவனை என்ன சொல்வது? நீ அங்கே கரண்ட் இல்லாதபோது அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு மூடியைத் திறந்து பார்ப்பவள்தான், எனக்கு உன்னைத் தெரியும். இனிமேல் பகல் வெளிச்சத்தில் மட்டும் பார். இன்னொன்று, நான் அன்று கட்டியிருந்த வேட்டியை மறுநாள் துவைகல்லில் ஒரு அடி அடித்தேன், சல்லடையாகிக் கையோடு வந்துவிட்டது. எங்கேயோ ஒரு துளி பட்டிருக்கிறது, பட்டபோது ஒன்றும் தெரியவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பாட்டரி தலையைத் துடைத்த மல்லுத் துணியை நான் ஞாபகமில்லாமல் சமையலறைக் கொடியில் போட்டிருக்கிறேன். உன் அம்மா குடிதண்ணீர் வடிகட்ட அதை எடுத்துக் குடத்தின்மேல் விரித்தாள், நடுவில் பொத்துக்கொண்டு விழுந்தது. அந்தக் குடத்துத் தண்ணீரை அப்படியே கொட்டிவிட்டோம். ஆபரேஷன் ஆன வயிற்றோடு அவள் அதைக் குடித்திருந்தால்? நீ பாட்டரிக்கு வைத்திருக்கிற துணியையும் குடிதண்ணீர்த் துணியையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் இரண்டையும் இன்றைக்கே தூக்கி எறிந்துவிடு. உன் அம்மா புது மல்லில் கிழித்து ஓரம் அடித்துத் தனிப் பார்சலில் அனுப்புகிறாள்.

புதுப் பாட்டரி வாங்கின கதையிலும் நான் கெட்டிக்காரன் ஆகிவிடவில்லை. இனி ஒருநாளும் நின்று போகக் கூடாது என்று ஆவேசமாகப் போய், இருப்பதிலேயே பெரிசாக லாரி பாட்டரி ஒன்றைக் கேட்டேன். தனசேகரனும் விற்கிற சந்தோஷத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டான். நம் மோரிஸின் பாட்டரித் தட்டில் அது உட்காரவே இல்லை, யானை முக்காலியில் ஏறின மாதிரி நின்றது. பானெட் மூடவில்லை. இறக்கினோம். தட்டுக்குச் சரியான அளவு, ஆட விடாமல் இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பு, இவை இரண்டும்தான் முதலில் பார்க்க வேண்டியது. ஆடினால் உள்ளே பிளேட் உதிருமாம், உங்கள் மலைப்பாதைக்கு இது ரொம்ப முக்கியம். கடையில் பல மாதம் தூசி தின்று கிடந்ததைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், எப்போது வந்த சரக்கு என்று மாப்பிள்ளை கேட்டு வாங்கட்டும். அமிலம் ஊற்றி மெதுவாக, அவசரப்படாமல் முழு சார்ஜ் ஏற்றின பிறகுதான் வண்டியில் மாட்ட வேண்டும். பழையதைக் கழற்றும் முன் எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று சாக்கட்டியால் குறித்துக்கொள்ளச் சொல். நம் வண்டியில் பிளஸ் முனை பாடிக்குப் போகிறது, புது வண்டிகளில் மைனஸ் போகிறதாம், மாறினால் டைனமோ போய்விடும். கழற்றும்போது பாடிக்குப் போகிற கம்பியை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். நான் தலைகீழாகச் செய்து ஸ்பானரிலிருந்து பொறி பறந்ததில் எனக்கு அன்றைய அதிர்ச்சிக் கோட்டாவும் நிரம்பிவிட்டது. முனைகளில் பொடி பூத்தால் சுடுதண்ணீரில் சோடா உப்பு கரைத்துக் கழுவித் துடைத்து வாசலின் தடவு, மூடியின் ஓட்டை வழியாக அது உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள். தண்ணீர் பிளேட்டை மூடி ஒரு விரல் கனம் நின்றால் போதும், பாயசம் வேண்டாம். மருந்துக்கடை பாட்டில் தண்ணீர் மட்டும். அமிலத்தை நீ தொடவே கூடாது.

இப்போது உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதைப் படித்து முடித்ததும் செய். இதுவரை ஊற்றினதை நீயே கவிழ்த்துக் கொட்டப் பார்க்காதே. மாப்பிள்ளையிடம் சொல்லி பகலிலேயே டவுனுக்கு ஓட்டிப்போய்க் காட்டச் சொல். அணைக்கட்டு ஒருநாள் அவர் இல்லாமல் எழும்பாமல் போகாது. மாற்ற வேண்டும் என்றால் மாற்றிவிடட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் விட்ட மாதிரி விட வேண்டாம். அதுவரைக்கும் ராத்திரி வண்டியை மேட்டில், மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து விடுங்கள். பேரனுக்கு இழுப்பு வந்து வண்டி முனகினால் கல்லை எடுத்துவிட்டு இரண்டாவது கியரில் உருட்டி விட்டால் பிடித்துக்கொள்ளும். பாவு தூக்கிப் பிடிக்க அங்கே கலியாணசுந்தர முதலியாரும் இல்லை, தள்ளுவதற்கு வடிவாம்பாளும் இல்லை. அந்தப் பாவில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லையாம். அதில் நெய்த முதல் புடவையை விரித்துக் காட்டி, இதுக்கு கார் பார்டர்னு பேர் வச்சிக்கிறேன் நயினாரே என்று தெருவில் எல்லோருக்கும் முன்னால் என் மானத்தை வாங்குகிறார். வாங்கட்டும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. இங்கே மழை இல்லை, மண்டியில் வியாபாரம் சுமார். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். என் பேரன் நெஞ்சு தெளிந்து, மூச்சு சீராக ஓடி, தாத்தாவின் புத்தி மட்டும் வராமல் தொண்ணூறு வயசு இருக்க வேண்டும் என்று தினம் பகவான் சந்நிதியில் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம். கார் கிளம்பினதா என்று ஒரே ஒரு வரி, கார்டில் போட்டால் போதும். தந்தி வேண்டாம், உன் அம்மாவுக்கு இப்போதுதான் தையல் ஆறியிருக்கிறது. கீழே அவளும் தன் கையால் இரண்டு வரி எழுதுவாளாம், நான் எழுதினால் நீ நம்பமாட்டாயாம்.

என்றும் உன் நலமே நினைக்கும்
அப்பா,
ஜீ. சந்திரநாதன்.

குணா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முதலில் எழுந்து போய்க் காரை ஸ்டார்ட் செய்து பார். அப்புறம் வந்து உட்கார்ந்து அழு.
அம்மா, தயாவதி.